யார் செய்த பாவம்?

வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து ஒருவர் படுத்துவிட்டால், மருத்துவருக்கு முன்பே நம் பங்கு மக்கள் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்: ‘குடித்தான், அனுபவிக்கிறான்.’ பிறவிக் குருடரைக் கண்ட சீடர்களின் அதே கணக்கு. ஆண்டவர் அன்றே தள்ளிவிட்ட கணக்கு (யோவான் 9).

ஈரல் சுருக்க நோய்க்குக் குடி ஒரு காரணம், ஒரே காரணமன்று. பி, சி வகைக் காமாலைக் கிருமிகள் ஆண்டுக்கணக்கில் அரவமின்றி ஈரலைத் தழும்பாக்கும். பி வகை பெற்ற தாயிடமிருந்தே குழந்தைக்கு வரக்கூடும். நீரிழிவும் உடற்பருமனும் ஈரலில் சேர்க்கும் கொழுப்பும் அவ்வாறே. மதுவைத் தொட்டறியாத பெண்களும் இந்நோயால் மாண்டிருக்கின்றனர், நம் கிசுகிசுப்பையும் சுமந்துகொண்டு.

சரி, குடித்தவராகவே இருக்கட்டும். இன்று விட்டாலும் பயனுண்டு. உப்பைக் குறைத்தால் வயிற்றில் நீர் கோப்பது மட்டுப்படும். பகலில் உறங்கி, இரவில் விழித்து, பிதற்றத் தொடங்கினால் அதைப் பேய் என்றோ மீண்டும் குடித்தார் என்றோ சொல்லாதீர்கள். ஈரல் கழிக்கத் தவறிய நச்சு மூளையை எட்டியிருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் காத்திருக்கும் நேரமன்று அது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குருவை அழைப்பதிலும் இதே தாமதம். நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறிற்று. நாமோ இன்னும் ‘அவஸ்தைப் பூசுதல்’ காலத்திலேயே நிற்கிறோம். நெற்றியில் எண்ணெய் பூசுகையில் என்னை அடையாளம் காணாத நோயாளர் எத்தனை பேர்! நினைவிருந்தபோதே அழைத்திருந்தால் ஒப்புரவும் பெற்றிருப்பார்களே என்று கேட்டால், “ஊருக்குத் தெரிந்துவிடும், சாமி” என்கிறார் மனைவி.

எந்த ஊருக்கு? ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் இந்த ஊருக்குத்தான்.