பகுதிநேரம் விழுங்கிய முழுவாழ்வு

2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணிப்பொறி முதலியன கற்பிக்கத் தமிழக அரசு பகுதிநேர ஆசிரியர் 16,549 பேரை அமர்த்தியது. கிழமைக்கு மூன்று அரைநாள்; திங்களுக்கு 5,000 உருபா. பள்ளி பூட்டிக் கிடக்கும் மே திங்களில் அன்று அதுவும் இருந்ததில்லை. வயிற்றுக்கும் கோடை விடுமுறை உண்டு போலும்!

சம்பளம் பின்னர்ச் சிறிது சிறிதாக ஏறிற்று. ஆயின் உண்மைக் கேடு சம்பளத்தில் இல்லை. அன்று முப்பது அகவையில் நுழைந்தவர் நாற்பதைக் கடந்துவிட்டார். பணிமூப்போ பணியுயர்வோ அவரைத் தேடி வரவில்லை. அரைநாள் வேலை கிழமை முழுவதையும் கட்டிப்போட, வேறு தொழிலில் வேரூன்றவும் வழியில்லை. நெடுநாள் உழைத்தமையாலேயே நிலைப்பணிக்கு உரிமை பிறவாதென்று, கருநாடகத்து உமாதேவி வழக்கில் 2006-இல் உச்சநயன்மன்றம் உரைத்தது. அவ்வுழைப்பை நெடுநாள் வாங்கிக்கொண்ட அரசுக்குக் கடன் எதுவும் பிறவாதோ?