இரக்கம் வேண்டாம்; அளவுகோல் வேண்டும்!

கையும் காலும் முறுக்கிய பிள்ளையைக் கண்டால் எம்மவர் வாயில் முதலில் வரும் சொல் "பாவம்". அடுத்து வருவது "விதி". இவ்விரு சொற்களும் சேர்ந்து எத்தனை பிள்ளைகளின் மூட்டுகளை நிரந்தரமாகப் பூட்டிவிட்டன! விதியின் மீது வழக்குத் தொடர முடியாது என்பதனாலன்றோ பொறுப்புடையோர் யாவரும் அதன் பின்னால் ஒளிந்துகொள்கின்றனர்?

தாய் ஒருவர் தமது எட்டு வயது மகளைச் சுமந்துகொண்டு எம்மிடம் வந்தார். பாடசாலை ஒன்று பிள்ளையைச் சேர்க்க மறுத்துவிட்டது. சட்டத்தில் வழியுண்டா என்பதே அவர் கேள்வி. வழியுண்டு. இயலாமையுடையோரின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அத்தகைய மறுப்பைத் தடுக்கின்றது. ஆனால், பிள்ளையின் கிளினிக் கொப்பியைப் புரட்டியபோது திகைத்துப் போனோம். ஆறு ஆண்டு வருகைகள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாத்திரையின் பெயர். முழங்கால் எவ்வளவு நீள்கின்றது, கணுக்கால் எவ்வளவு மடிகின்றது என்பதற்கு ஓர் இலக்கமேனும் இல்லை. இடுப்பை எக்ஸ்ரே எடுத்ததற்கும் சான்றில்லை. சட்டம் பாடசாலைக் கதவைத் திறக்கும். ஆனால் இடுப்பு மூட்டு விலகி, வாங்கில் அமரவும் இயலாத பிள்ளைக்குத் திறந்த கதவால் பயன் என்ன?

மூளையோ முதுகுத்தண்டோ பழுதுறும்போது தசையை அடக்கியாளும் கட்டளை குலைகின்றது. அப்போது தசையை எவ்வளவு விரைவாக நீட்டுகிறோமோ அவ்வளவு வன்மையாக அது எதிர்க்கின்றது. 1980இல் லான்ஸ் என்னும் நரம்பியல் அறிஞர் தந்த வரைவிலக்கணத்தின் சாரம் இதுவே. பெருமூளை வாதமுற்ற குழந்தைக்கும், பாரிசவாதத்தில் வீழ்ந்த முதியவருக்கும், 2009இல் முடிந்த போரில் முதுகுத்தண்டு சிதைந்து இன்று நடுவயதை எட்டிய வன்னி மகனுக்கும் இத்தசை இறுக்கம் பொதுவான பகை.

சாட்சியம் இன்றித் தீர்ப்பு இல்லை. அளவின்றி வைத்தியமும் இல்லை. 1964இல் ஆஷ்வேர்த் வகுத்து, 1987இல் திருத்தப்பெற்ற அளவுகோல் இறுக்கத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்துகின்றது. தார்டியூ முறையோ மூட்டை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் அசைத்து, தடைப்படும் கோணங்களை ஒப்பிடுகின்றது. மெதுவாக நீட்டும்போது இணங்கி, விரைவாக நீட்டும்போது தடுத்தால் அது நரம்பின் குற்றம்; மருந்துக்கு அங்கே வேலையுண்டு. இருமுறையும் ஒரே இடத்தில் நின்றால் தசையே குறுகிவிட்டது. மாத்திரையால் அது நீளாது. இதனைக் கண்டறியக் கோடி ரூபாய் யந்திரம் வேண்டுமா? பயின்ற இரு கைகளும் ஒரு கட்டிலும் கோணமானியும் போதும். பணமில்லை என்னும் வாதம் இங்கே செல்லாது.

காலங்கடந்த வழக்கைப் போலவே காலங்கடந்த மூட்டும் தள்ளுபடியாகும். பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகத் தொடங்குகின்றது; தொடக்கத்தில் வலியும் இராது. எக்ஸ்ரே ஒன்றே காட்டிக்கொடுக்கும். சுவீடனின் தென்பகுதியில் 1994 முதல் இப்பிள்ளைகளைப் பதிவுசெய்து முறைப்படி அளந்து வந்தனர். இடுப்பு முற்றாகக் கழலுவது அங்கே அரிதாயிற்று. அங்குள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விதி வேறாக எழுதப்பட்டதா?

இறுக்கம் அனைத்தையும் ஒழிப்பதே வைத்தியம் என்றும் நாம் கூறவில்லை. வலுவிழந்த காலில் சிலர் அவ்விறுக்கத்தை ஊன்றியே எழுந்து நிற்கின்றனர். ஆகவே முதற்கேள்வி நோக்கம் பற்றியது: நிற்கவா, அமரவா, மூடிய உள்ளங்கையைக் கழுவவா, வலியின்றி உறங்கவா? இறுக்கம் திடீரென மிகுந்தால், மருந்தைக் கூட்டுமுன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண் உண்டா என்று பார்த்தல் வேண்டும். பொட்டுலினம் ஊசியின் பயன் ஏறத்தாழ மூன்று மாதமே; அக்காலத்துள் பயிற்சியும் தாங்கு பட்டையும் இல்லையேல் ஊசி வீண். பக்லோபன் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். "மருந்து முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள்" என்று கைவிரிப்பது வெறும் அசௌகரியமன்று, ஆபத்து!

சட்டம் என்ன சொல்கின்றது? மேற்குறித்த 23ஆம் பிரிவு தொழிலையும் கல்வியையும் கட்டடங்களையும் பற்றிப் பேசுகின்றது. சிகிச்சையைப் பற்றிப் பேசவில்லை. எனினும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை, மறுவாழ்வுப் பணி இயன்றவரை முற்கூட்டியே தொடங்க வேண்டும், பல்துறையினர் கூடிச் செய்யும் மதிப்பீட்டின் மீது அமைய வேண்டும், கிராமப்புறம் உட்பட மக்கள் வாழுமிடத்துக்கு அண்மையில் கிடைக்க வேண்டும் என விதிக்கின்றது. கையெழுத்திட்டவர்கள் இதனைப் படித்தார்களா என வினவுகிறோம். சட்டமாக்கப்படாத வாக்குறுதி நீதிமன்ற வாசலில் ஊமையாகவே நிற்கும்.

ஆகவே நாம் கோருவன நான்கு. ஒவ்வொரு வருகையிலும் மூட்டுகளை அளந்து கொப்பியில் இலக்கத்தோடு எழுதுக. பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளின் இடுப்பை, அவரவர் நிலைக்கேற்ற கால அட்டவணைப்படி, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்குக. மாவட்டந்தோறும் போதிய இயன்மருத்துவர்களை நியமிக்குக. பிள்ளை வளர்ந்து பெரியவரானதும் கைவிடாது, பொறுப்பேற்கும் கிளினிக் எதுவென எழுத்தில் அறிவிக்குக.

தாய்மாருக்கும் ஒரு சொல். அடுத்த முறை கிளினிக் செல்லும்போது கொப்பியை நீட்டி, "எவ்வளவு மடிகின்றது? எவ்வளவு நீள்கின்றது? எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அது பணிவற்ற பேச்சன்று. எழுதப்பட்ட ஓர் இலக்கம் பிள்ளைக்குச் சிகிச்சையின் தொடக்கம். பொறுப்பைத் தட்டிக்கழிப்போருக்கு எதிரான முதற் சாட்சியமும் அதுவே.