நன்றியைச் செயலில் காட்டுவோம்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பும் நாளில் மருத்துவரின் கைகளைப் பற்றி நன்றி கூறுகிறோம். அது முறையானதே. ஆயினும் அந்த நன்றிக்கு உரியவர் பலர். 108 ஊர்தியில் நம்மருகே அமர்ந்து வந்தவர், சேர்ந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்க விரைந்தவர், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர், படுக்கை விரிப்பை மாற்றிய பணியாளர் ஆகியோரின் பெயரைக்கூட நாம் அறிவதில்லை.

அவர்களுக்கு இனிப்பு வழங்குவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது என்பதே எங்கள் கருத்து. இரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகிறது. மருத்துவமனையை அடைந்த 90 நிமிடங்களுக்குள் அடைப்பை நீக்க அவர்கள் முயல்கிறார்கள். ஆனால், வாயுத்தொல்லை என்றெண்ணிச் சோடா அருந்தி வீட்டில் கழித்த நேரத்தை அவர்களால் மீட்டுத்தர இயலாது. ஆகவே, நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் கண்டால் உடனே 108ஐ அழைக்குமாறு உற்றாருக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்போம்.

ஸ்டென்ட் பொருத்திக்கொண்டோருக்கு இன்னொரு கடமையும் உண்டு. உடல் தேறிவிட்டதென்று மாத்திரைகளை நாமாகவே நிறுத்தினால், ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மீண்டும் அடைப்பு நேரக்கூடும். மருத்துவர் கூறும்வரை அவற்றைத் தவறாது உட்கொள்வோம். பலர் உழைத்துக் காத்த உயிரைப் பேணுவதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி.