விறகின் எடையில் நீருக்கும் விலையா?

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் மணற்பாங்கான கடலோர நிலங்களில் சில ஆண்டுகள் வளர்ந்த சவுக்கு வெட்டப்படும்போது, நேரான மரங்கள் சாரம் கட்டும் கழிகளாகவும் காகித ஆலைகளுக்கான கூழ்மரமாகவும் பிரிந்துபோக, எஞ்சும் கோணல் கட்டை, மிளார், வேர்க்கட்டை ஆகியவை விறகாகின்றன. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் தானாக மண்டிவிட்ட சீமைக்கருவேலமும் வெட்டப்பட்டு, விறகாகவோ மூட்டம் போட்ட கரியாகவோ விற்பனைக்கு வருகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்கள், நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகள், செங்கல் சூளைகள், உணவகங்கள் என இதை வாங்குவோர் பலர். ஆனால், விற்கப்படும் விறகு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் முறை, விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் நியாயம் வழங்குவதாக இல்லை என்பதே இவ்வணிகத்தின் அடிப்படைக் குறை.

மூன்று அளவைகள்

விறகை மதிப்பிட மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நிற்கும் மரத்தையோ வெட்டிக் குவித்த குவியலையோ கண்மதிப்பாகப் பார்த்து மொத்த விலை பேசுவது. இதில் ஆண்டுக்கு நூறு தோப்புகளைப் பார்க்கும் வியாபாரியின் கண்ணுக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விற்கும் உழவரின் கண்ணுக்கும் உள்ள இடைவெளி முழுவதும் உழவரின் இழப்பாகிறது. கட்டு, வண்டி, லோடு என்னும் கணக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கட்டின் பருமனும் வண்டியின் கொள்ளளவும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் அவை அளவை என்னும் பெயருக்கே உரியவை அல்ல.

இரண்டாவது வழி, விறகை அடுக்கி அதன் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிக் கன அளவு காண்பது. மெட்ரிக் முறையை வகுத்த 1795-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம், விறகை அளப்பதற்கென்றே ஒரு கன மீட்டர் கொண்ட ‘ஸ்டேர்’ என்னும் தனி அலகை ஏற்படுத்தியது. வட அமெரிக்காவில் வழங்கும் ‘கார்டு’ என்பது 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் நெருக்கமாக அடுக்கிய 128 கன அடி விறகைக் குறிக்கும். அடுக்காமல் கொட்டிய விறகு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், மெய்ன் மாநிலச் சட்டம் குறுந்துண்டுகளாகக் கொட்டப்பட்ட விறகுக்கு 180 கன அடியை ஒரு கார்டு எனக் கொள்கிறது. அடுக்கிய விறகிலும் இடைவெளி உண்டு. நேரான கட்டைகளில் மொத்தக் கன அளவின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மரம் இருக்கலாம் என்றால், கிளைத்து வளைந்த சீமைக்கருவேலத்தில் அது பாதியாகவும் குறையக்கூடும்.

மூன்றாவது வழி, இன்று தமிழ்நாட்டில் பரவலாக உள்ள எடை. லாரியை எடைமேடையில் ஏற்றி, வெற்று வண்டியின் எடையைக் கழித்து, டன்னுக்கு இவ்வளவு என விலை கொடுப்பது எளிது. அடுக்கின் இடைவெளியோ கட்டையின் கோணலோ இதில் பொருட்டல்ல. உலர்ந்த மரம் எந்த இனமாயினும் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருவதால், அடர்த்தி மிக்க சவுக்கையும் இலேசான மரத்தையும் ஒரே தட்டில் ஒப்பிடவும் எடையால் முடியும். கன அளவையால் இதைச் செய்ய முடியாது. ஆனால், எடை ஒன்றை மட்டும் மறைத்துவிடுகிறது, அது நீர்.

ஈரத்தின் கணக்கு

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில், இனத்தையும் பருவத்தையும் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீராக இருக்கும். இந்த நீர் எரிவதில்லை என்பதோடு, ஆவியாகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை மரத்திடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ மரம் சுமார் 4,500 கிலோ கலோரி தரும் எனக் கொண்டால், பாதி எடை நீராக உள்ள ஒரு கிலோ பச்சை விறகிலிருந்து கிடைப்பது 2,000-க்கும் குறைவு. 20 விழுக்காடு ஈரமுள்ள விறகிலிருந்து கிடைப்பதோ 3,500-ஐ நெருங்குகிறது. டன் விலை இரண்டுக்கும் ஒன்றாக இருக்குமானால், பச்சை விறகை வாங்குபவர் நீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

இதனால் ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமே எனக் கருதுவது தவறு. பாதி எடை நீராக உள்ள 10 டன் விறகை ஓர் உழவர் பொறுமையாக 20 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால், அதன் எடை 6.25 டன்னாகக் குறையும். பொருளின் தரம் உயர்ந்திருக்க, அதே டன் விலையில் அவருடைய வருவாய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்துவிடும். எனவே, உலர்த்துவது நட்டம் என்னும் பாடத்தையே சந்தை அவருக்குக் கற்பிக்கிறது. வெட்டிய விறகு நாளுக்கு நாள் எடை இழப்பதால், லாரியைத் தாமதமாக அனுப்பும் வியாபாரியிடம் பேரம் பேசும் வலிமையும் உழவருக்கு இருப்பதில்லை. வாங்குவோரும் எல்லா விறகும் ஈரமானது என்னும் ஊகத்தில் விலையைத் தாழ்த்தியே நிர்ணயிப்பதால், நேர்மையாக உலர்த்தியவரும் அத்தாழ்ந்த விலையையே பெறுகிறார். இறுதியில் ஈர விறகு புகைந்து எரியும்போது, அப்புகையைச் சுவாசிப்பவர்கள் சூளையிலும் அடுப்படியிலும் கொதிகலன் முன்பும் நிற்கும் தொழிலாளர்கள்தாம்.

தீர்வு அருகிலேயே உள்ளது

இதற்கான தீர்வு எடையைக் கைவிடுவதில் இல்லை. எடையோடு ஈரத்தையும் சேர்த்து எழுதுவதில் உள்ளது. 20 விழுக்காடு ஈரமுள்ள விறகை அடிப்படைத் தரமாகக் கொண்டு டன் விலையை முடிவு செய்துவிட்டால், மற்றவை எளிய கணக்கு. 40 விழுக்காடு ஈரமுள்ள 10 டன் சுமையில் உலர்மரம் 6 டன்; அதை 0.8-ஆல் வகுத்தால், அச்சுமை அடிப்படைத் தரத்தில் 7.5 டன்னுக்குச் சமம். அடிப்படைத் தரத்துக்கான விலை இன்றைய பச்சை விறகின் விலையைவிட உயர்வாகவே அமையும் என்பதால், உலர்த்தும் உழவருக்கு அவருடைய உழைப்புக்கான கூலி விலையிலேயே வந்துசேரும்.

ஈரத்தை அளப்பதும் அரிய வேலை அன்று. ஊசி முனைகளைக் கட்டையில் குத்திப் பார்க்கும் கைக்கருவிகள் சந்தையில் உள்ளன. வெளிப்புறம் முன்னதாகவே உலர்ந்துவிடும் என்பதால், கட்டையைப் பிளந்து புதிய உட்பரப்பில் குத்திப் பார்ப்பதே சரியான முறை. இக்கருவிகள் பெரும்பாலும் உலர்மரத்தின் எடையை அடிப்படையாகக் கொண்டு ஈரத்தைக் காட்டுகின்றன என்பதும், அவை காட்டும் 25 விழுக்காடு மொத்த எடை அடிப்படையில் 20 விழுக்காடே என்பதும் இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டியவை. எடைமேடை அருகில் இல்லாத சிற்றூர்களில், ஒரு மீட்டர் சட்டத்துக்குள் அடுக்கி அளப்பது கண்மதிப்பைவிட மேலானது. உலரும்போது விறகின் எடை பெரிதும் குறைந்தாலும் கன அளவு சிறிதளவே சுருங்கும் என்பதால், ஈரத்தை வைத்து ஏமாற்ற அம்முறையில் இடமில்லை.

இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அவ்வளவு தொலைவு செல்லவும் தேவையில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்னும் வரம்பைத் தமிழ்நாட்டு உழவர்கள் நன்கறிவார்கள். மழைக்காலங்களில் அதைத் தளர்த்தக் கோரிப் போராடியும் இருக்கிறார்கள். நெல்லில் ஈரத்தை அளந்து பார்க்கும் ஏற்பாடு உள்ள மாநிலத்தில், விறகில் அதை அளக்க இயலாது என்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

இதில் அரசுக்கும் உழவர் அமைப்புகளுக்கும் தனித்தனிக் கடமைகள் உண்டு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறை, எடைமேடைகளுக்கு முத்திரையிடுவதோடு, விறகு விற்பனைச் சீட்டில் மர இனம், எடை, ஈரப்பதம் ஆகிய மூன்றையும் குறிக்கும் நடைமுறையை ஊக்குவிக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஈரமானியை வாங்கிவைத்து, உறுப்பினர்களின் விறகை உலர்த்தித் தரம் பிரித்து, ஆலைகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். வறண்ட நிலத்து உழவருக்கு விறகு பெரும்பாலும் உபரி வருவாய்தான். எனினும், மழை பொய்த்த ஆண்டில் அந்த உபரியே குடும்பத்தைத் தாங்குகிறது. அந்த வருவாய் அவர் வளர்த்த மரத்துக்கு உரிய முழு விலையாகக் கிடைக்க வேண்டுமானால், விலைச் சீட்டில் எடைக்குப் பக்கத்தில் ஈரப்பதமும் எழுதப்பட வேண்டும்.