ஓய்வுநாளை ஏளனம் செய்வோர்க்கு...

எபிரேய வேதத்தைப் பற்றி நம்மவரிடம் பேச்செடுத்தால் உடனே ஒரு சொல் வந்து விழும்: 'தோகை'. சாலொமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் 'தோகை'யிலிருந்து பிறந்ததே என்று கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலேயே எழுதினார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையோடு நூலை மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொற்கடன் கொடுத்த கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, அந்நூல் என்ன சொல்கிறது என்று பாராமல் எழுந்து போவது கற்றவர்க்கு அழகா?

இன்னொரு சாரார் ஏளனக்காரர். "சனிக்கிழமை விளக்கைப் போட்டால் பாவமாம், இரண்டு எழுத்து எழுதினால் குற்றமாம், இதுவும் ஒரு நெறியா?" என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் சிரித்தார். இந்தச் சிரிப்புப் பழையது. உரோமாபுரியின் செனேக்கா, யூதர் தம் வாழ்நாளில் ஏழிலொரு பங்கைச் சோம்பலில் தொலைக்கின்றனர் என்று குறை கூறியதாக அகுஸ்தீனார் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செனேக்கா பெருஞ்செல்வர். அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர் என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்க!

நான் யூத சமயத்தைச் சார்ந்தேன் அல்லேன். எவரையும் அச்சமயத்திற்கு அழைக்கவும் இல்லை. யூத அறிஞர்களே ஓய்வுநாளைப் பிறர்மேல் சுமத்துவதில்லை. ஆயினும், அவர்தம் வேதத்தைத் தமிழில் படிக்கத் தொடங்கிய பின்னர், வேலை என்றால் என்ன, ஓய்வு என்றால் என்ன என்று நான் வைத்திருந்த எண்ணமே புரண்டுவிட்டது.

பத்துக் கட்டளைகளைத் தோரா இரண்டிடங்களில் தருகிறது. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் கூறும் காரணம், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான் என்பது. உபாகமத்திலோ காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன். ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உனக்கு நிகராக ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. மாடும் கழுதையும் உன் ஊரில் தங்கிய அயலானும்கூட அப்பட்டியலில் உண்டு. எனக்கு வியப்பளித்தது இன்னொன்று. யாத்திராகமம் 31ஆம் அதிகாரம், இறைவன் ஏழாம் நாளில் இளைப்பாறியதைச் சொல்ல அரியதொரு வினைச்சொல்லை ஆள்கிறது. 'நெஃபெஷ்', அதாவது உயிர் அல்லது மூச்சு என்னும் சொல்லோடு உறவுடைய வினை அது. எபிரேய வேதம் முழுவதிலும் மூன்றே இடங்களில்தான் வருகிறது. அவற்றுள் ஒன்று 23ஆம் அதிகாரம். அங்கே மூச்சு வாங்கி இளைப்பாறுவது யார் தெரியுமா? வேலைக்காரியின் மகன்! படைத்தவனுக்கும் பணிப்பெண்ணின் பிள்ளைக்கும் ஒரே வினைச்சொல். இலக்கணம் கற்பிப்போர் இதைக் கண்டபின்னும் ஏளனம் செய்ய முடியுமா?

ஆசிரியராக நான் மதிக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. கட்டளை 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. பாடமோ 16ஆம் அதிகாரத்திலேயே நடந்துவிடுகிறது. எகிப்தை விட்டு வந்த மக்களுக்கு வனாந்தரத்தில் மன்னா கிடைக்கிறது. நாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுத்துப் போகும். ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டாலும் கெடாது. ஏழாம் நாளும் சிலர் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகின்றனர். தலைமுறை தலைமுறையாய்ச் செங்கல் அறுத்த கூட்டத்திற்குச் சும்மா இருக்கவும் பழக்கித்தான் காட்ட வேண்டியிருந்தது போலும்.

இனி, நண்பர் சிரித்த அந்த இரண்டு எழுத்துக்கு வருவோம். ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, ஓய்வுநாளில் விலக்க வேண்டிய 39 வேலைகளை எண்ணிச் சொல்கிறது. உழுதல், விதைத்தல், நெய்தல், தீ மூட்டல் எனச் செல்லும் அவ்வரிசையில் இரண்டு எழுத்து எழுதுவதும், எழுதுவதற்காக அழிப்பதும் உண்டு. ஏன் இரண்டு? வழிபாட்டுக் கூடாரத்தின் பலகைகளுள் எதற்கு எது இணை என்று அறிய எழுத்திட்டு வைத்தனராம். அதனால் என்று விளக்குகிறார் ஓர் அறிஞர். வீட்டுக்குள் கனத்த மேசையை நகர்த்துவது இந்த 39இல் இல்லை, எழுதுவது இருக்கிறது. ஆகவே களைப்பு இங்கே அளவுகோல் ஆகாது. ஆக்கலும் அழித்தலும் ஆகிய நம் ஆளுகையை ஒருநாள் கீழே வைக்கச் சொல்கிறது இந்நெறி. விளக்கைப் பற்றிய விதி, தீ மூட்டாதே என்பதிலிருந்து கிளைத்தது. வெள்ளி மாலை ஏற்றிய விளக்கு எரியலாம், தடையில்லை. உயிருக்கு இடர் என்றால் அத்தனை விதியும் விலகி நிற்கும். மகப்பேற்றுக்கு உதவுவதும் அவ்வாறே.

விடிவதற்குள் குறியிட்டு முடிக்க வேண்டிய கட்டுரை ஏடுகளை நாள்தோறும் சுமப்பவர்க்கு, சிவப்பு மையால் எழுதுவதையும் ஓர் ஆளுகை என்று எண்ணிய மக்கள் அயலாராகத் தோன்றார். எனக்குத் தோன்றவில்லை.

ஏளனக்காரரைவிட எனக்குக் கடுஞ்சினம் மூட்டுபவர் வேறொருவர்: ஓய்வைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு அதை விற்கும் பயிலரங்கப் பேச்சாளர். "ஒருநாள் ஓய்வெடுங்கள், மறுநாள் இருமடங்கு உழைக்கலாம்" என்கிறார். கைப்பேசிக்கு மின்னேற்றும் வேலையல்லவா இது! இறைவாக்கினர் ஆமோஸ் இத்தகையோரை நன்கறிவார். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியம் விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்கலாம், கள்ளத் தராசு பிடிக்கலாம் என்று காத்திருந்த வணிகரை அவர் சாடுகிறார். அவர்களும் ஓய்வுநாளில் கடையை அடைத்தவர்கள்தாம்!

இவை எங்கோ நடப்பவை என்று ஒதுக்க வேண்டா. நம் சிங்கப்பூரின் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் யூதர் தொழுகைக்கூடம் நிற்கிறது. அதே தெருவில்தான் நம் கிருஷ்ணன் கோயிலும். நாம் நாளும் கேட்கும் மலாய்ச் 'சப்து'வும் எபிரேய 'ஷபாத்'தும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

வேலைக்காரிக்கும் உனக்கு நிகராக ஓய்வு என்று தோரா சொல்லிற்றே, நம் தீவில் என்ன நிலை? இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013இல்தான் விதியாயிற்று. அப்போதும், அவர் உடன்பட்டால் ஈடாகப் பணம் கொடுத்துவிடலாம் என்று வழி விடப்பட்டது. மாதத்தில் ஒருநாளையேனும் பணத்தால் ஈடு செய்யலாகாது என்ற விதிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழுக்கு ஒன்றைக் கேலி செய்வோர், முப்பதுக்கு ஒன்றையே முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுக்கின்றனர்.