வெள்ளைத் திரையில் செருப்பு, தைத்தவர் எங்கே?

ஆன்லைன் கடை ஒன்றில் தோல் செருப்பைத் தேடிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், தையலைக் கிட்டத்தில் காட்டும் ஒரு படம் இருக்கும். தூசி இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். அமேசான் இதை விதியாகவே வைத்திருக்கிறது. முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும்.

வாங்குபவருக்குப் பொருள் தெளிவாகத் தெரிய இந்த விதி உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் செருப்புத் தைப்பவரின் கை பட்டாலே தீட்டு என்று சொன்ன சமூகம் இது. இங்கே அந்தக் கையை வெட்டியெடுத்துவிட்டு வரும் படத்தை வெறும் தொழில்நுட்ப விஷயமாக மட்டும் பார்க்க முடியாது. செருப்பு ஊருக்குள் வரலாம், தைத்தவர் சேரியிலேயே இருக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டுக்கு அந்த வெள்ளைப் பின்னணி வசதியாகப் பொருந்திப் போகிறது.

2025 ஜூனில் மிலான் நகரில் நடந்த ஆடை அணிவகுப்பில், இத்தாலிய நிறுவனமான பிராடா கோலாப்பூரி செருப்பைப் போலவே இருந்த காலணிகளை மேடையேற்றியது. அவை எங்கிருந்து வந்த வடிவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோலாப்பூரி செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்களும் கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்களும் அதில் அடங்கும். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து எடுத்த வடிவம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிசம்பரில் லிட்காம், லிட்கார் என்ற இரு மாநிலங்களின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தமும் போட்டது.

அந்த எதிர்ப்பில் உரக்கக் கேட்டது 'இந்தியப் பாரம்பரியம்' என்ற சொல். தோலைப் பதனிடும் தோர் சாதியினரையும் செருப்புத் தைக்கும் சம்பார் சாதியினரையும் எத்தனை பேர் பெயர் சொல்லிப் பேசினார்கள்? பொருளுக்கு மரியாதை கிடைக்கும்போது அது தேசத்தின் சொத்து, தோலின் நாற்றமும் இழிவும் மட்டும் சாதியின் சொத்து. பிராடா மறைத்தது ஊரின் பெயரை. அதைக் கண்டித்தவர்களில் பலர் மறைத்தது உழைத்த மக்களின் பெயரை.

இதற்கு மாற்று என்று நினைத்து, களப்பணிக்குப் போகும் மாணவர்களும் தொண்டு நிறுவனங்களும் எடுக்கும் இன்னொரு வகைப் படம் உண்டு. சுருக்கம் விழுந்த முகம், வெடித்த விரல்கள், பின்னால் ஒழுகும் கூரை, வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை. கீழே 'ஐந்து தலைமுறைக் கைவினை' என்று ஒரு வரி. இங்கே தைத்தவர் தெரிகிறார். ஆனால் செருப்போடு சேர்த்து அவருடைய வறுமையும் விற்பனைக்கு வந்துவிடுகிறது.

அந்த 'ஐந்து தலைமுறை' பெருமைக்குரிய வரி என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு வேலைக்குப் போகவிடாமல் ஐந்து தலைமுறையை அடைத்து வைத்தார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. 1927இல் மகத் மாநாட்டில், செத்த மாட்டை இழுக்கும் வேலையைக் கைவிடச் சொன்னவர் அம்பேத்கர். அவர் படத்தை மாட்டிய அறையில் உட்கார்ந்து, குலத்தொழிலைப் புகழும் வரிகளை நாம் எழுதக் கூடாது. எழுதுவதானால் திறமையை எழுதுங்கள். எந்தத் தோல், எப்படிப் பதனிட்டது, ஒரு ஜோடிக்கு எத்தனை மணி நேரம், தையல் எப்படிப் பிரியாமல் நிற்கிறது என்று எழுதுங்கள். நல்ல விலை கேட்பதற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறை வாங்குவார், தரம் பார்த்து வாங்குபவர் திரும்ப வருவார்.

அப்படியானால் எல்லாப் படத்திலும் முகத்தைப் போட்டுவிடலாமா? அதையும் நாம் தீர்மானிக்க முடியாது. பொட்டலமிட்ட பொருளை இணையத்தில் விற்றால் தயாரிப்பாளரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. தமிழ்நாட்டில் 'காலனி' என்று முடியும் முகவரி எதைச் சொல்லிவிடும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். முகவரிக்கே இவ்வளவு யோசிக்க வேண்டிய இடத்தில், ஒரு பெண் 'என் முகம் வேண்டாம்' என்று சொன்னால் அது கூச்சமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவாகவும் இருக்கலாம். மறுபக்கம், வசையாகப் பயன்பட்ட சாதிப் பெயரையே நிறுவனப் பெயராக வைத்து மும்பையில் சமார் ஸ்டுடியோ நடக்கிறது. இரண்டுமே சரி, முடிவு செய்தவர் வேலை செய்பவராக இருக்கும் வரை.

சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் தோழர்கள் பலருக்கு இது தெரியவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை அவருக்குப் போகும். இப்போது யோசியுங்கள். சுய உதவிக் குழுவுக்கு நீங்கள் இலவசமாகப் படம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். நல்ல மனதுதான். ஆனால் சட்டப்படி அந்தப் படம் உங்களுடையது. நாளை அதை நீங்கள் கண்காட்சியில் வைக்கலாம், நன்கொடை கேட்கும் அறிக்கையில் போடலாம். செருப்பைத் தைத்தவர் தன் கடைக்கே அதைப் பயன்படுத்த உங்கள் அனுமதியை நம்பி நிற்க வேண்டும். இதைச் சரிசெய்ய ஒரு தாள் போதும். உரிமையைக் குழுவுக்கு மாற்றித் தருகிறேன் என்று எழுத்தில் கையெழுத்திட வேண்டும், வாயால் சொன்னால் செல்லாது. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'முழுக் காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும்' என்று சேர்த்து எழுதுங்கள்.

இதைவிட நல்லது, படமெடுப்பதை அவர்களே செய்வது. பெரிய கேமரா வேண்டாம். செல்போன், வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல், சுவரிலிருந்து தரை வரை மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டிய வெள்ளை சார்ட், நிழல் விழும் பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. ஒரே மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. முதல் படத்தை விதிப்படி வெள்ளையில் எடுக்கட்டும். அடுத்த படங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே தைக்கும் கை வரலாம், பட்டறை வரலாம், விரும்பினால் நேராகப் பார்த்துச் சிரிக்கும் முகமும் பெயரும் வரலாம்.

சமூகப் பணி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு குழுவின் பொருளைப் படமெடுக்கப் போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள். படத்தில் யார் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்தப் படம் எழுத்தில் யாருடையது? கடைக் கணக்கின் கடவுச்சொல்லும் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் யாரிடம் இருக்கின்றன? மூன்றுக்கும் பதில் உங்கள் நிறுவனத்தின் பெயராக இருந்தால், படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் வேலை இன்னும் முடியவில்லை.