தண்டவாள உபதேசம்

சென்ற மாதம் ஒரு தகப்பனார் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுக்குச் சரித்திரம் படிக்க ஆசை; அவருக்கோ அவனை இன்ஜினீயராக்க ஆசை. "நீங்களே சொல்லுங்கள், சார். தண்டவாளத்தின் மேல் போகிற வரைக்கும்தான் ரயில். இறங்கிவிட்டால் வெறும் இரும்பு!" என்றார்.

பையன் தலைகுனிந்து நின்றான். நான் எதையோ மழுப்பிச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

தண்டவாளத்தை நான் இகழவில்லை. மண்ணில் நகராத பாரம் இரும்பின் மேல் சுலபமாக உருளும். வாழ்க்கைக்கு ஒழுங்கு வேண்டும்; உழைப்பும் வேண்டும். ஆனால் தண்டவாளத்துக்குத் திசை தெரியும் என்று யார் சொன்னது? ஊருக்குக் கொண்டுபோவதும் அதுதான். ஊரை விட்டுக் கொண்டுபோவதும் அதுதான். சென்னையிலிருந்து வரும் வண்டி விழுப்புரத்தில் விருத்தாசலம் பக்கம் போவதா, கடலூர் பக்கம் திரும்புவதா என்பதை வண்டி ஓட்டுகிறவர் தீர்மானிப்பதில்லை. அவர் கையில் திருப்பும் சக்கரமே கிடையாது. பாயிண்டை மாற்றிவிடுகிறவர் வேறொருவர். மகனை ரயிலாக இருக்கச் சொல்வதன் அர்த்தம் இப்போது புரிகிறதா? பாயிண்ட் உங்கள் கையில். ஓட வேண்டியது மட்டும் அவன்!

சரி, போட்ட பாதையாவது நிலைக்குமா? 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004-இல் நின்றுபோயின. 1,000 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்த வண்டி 1,676 மில்லிமீட்டர் பாதையில் எப்படி ஓடும்? 1914-இல் இலங்கைக் கப்பலுக்காகத் தனுஷ்கோடிவரை போட்ட பாதை, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியையே கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்தவர்கள் யாரும் பாதை தவறியவர்கள் அல்லர்.

பாதை காப்பாற்றும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க நாம் யார்?

என்னையும் என் தகப்பனார் குமாஸ்தாப் பாதையில்தான் ஏற்றிவிட்டார். நான் கல்லூரியைப் பாதியில் விட்டு இறங்கினேன். பட்டினி கிடந்ததுண்டு. வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருத்தம் என்னுடையது; அதற்காக என் தகப்பனாரை ஒருநாளும் நான் நொந்துகொண்டதில்லை. அவர் சொன்னபடியே போய் இதே வருத்தம் வந்திருந்தால், அவரை மன்னித்திருப்பேனா?

ஐயா, பையனை இன்னொரு தடவை அழைத்து வாருங்கள். எங்கே போக வேண்டும் என்பதை முதலில் அவனிடம் கேட்போம். இந்தத் தடவை நான் மழுப்ப மாட்டேன்.